ஒரே இன்ஜின், இரண்டு வண்டிகள்: மிடில்வெயிட் பைக்கைப் புரிந்துகொள்வது எப்படி?

யமஹா எம்டி-07, யமஹா டெனெரே 700. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினால் ஒரே குடும்பம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். முதல் வண்டி குட்டையாக, மூக்கைத் தாழ்த்திக்கொண்டு, வளைந்து நெளிந்து ஓடத் தயாராக நிற்கும். இரண்டாவது ஒட்டகம் மாதிரி. நெடுநெடுவென்ற கால், ஒல்லியான முன்சக்கரம், எங்கே மண் ரோடு என்று தேடுகிற பார்வை. ஆனால் உள்ளே இருப்பது அதே 689 சிசி இன்ஜின்தான். இரண்டும் தருவது சுமார் 73 குதிரைத் திறன்.

அப்படியானால் இந்த இரண்டும் ஏன் இவ்வளவு வேறு வேறு மாதிரி ஓடுகின்றன? இந்தக் கேள்விக்குப் பதில் தேடினாலே மோட்டார் சைக்கிள் வடிவமைப்பின் பாதி விஷயம் பிடிபட்டுவிடும். இன்ஜினைப் பற்றித்தான் எல்லோரும் பேசுவோம். வண்டியின் குணத்தைத் தீர்மானிப்பதில் அதற்குச் சமமான பங்கு சில கோணங்களுக்கும் சில மில்லிமீட்டர்களுக்கும் உண்டு.

முதலில் 'மிடில்வெயிட்' என்றால் என்ன என்று பார்த்துவிடலாம். குத்துச்சண்டையில் எடைப்பிரிவு சொல்கிற மாதிரி ஒரு பெயர். ஆனால் இங்கே தராசில் நிறுத்திப் பார்த்துப் பெயர் வைப்பதில்லை, இன்ஜினின் சிசியை வைத்துத்தான் சொல்கிறார்கள். கறாரான எல்லைக்கோடு எதுவும் கிடையாது. இன்றைய பேச்சுவழக்கில் 600 முதல் 900 சிசி வரை என்று வைத்துக்கொள்ளலாம். எடை பெரும்பாலும் 180 முதல் 220 கிலோவுக்குள் வரும். சிசியை மட்டும் பார்த்து முடிவு கட்டினால் ஏமாந்துபோவீர்கள். ராயல் என்ஃபீல்டின் 648 சிசி இரட்டை சிலிண்டர் இன்ஜின் தருவது 47 குதிரைத் திறன். ட்ரையம்ஃப் ஸ்ட்ரீட் ட்ரிபிளின் 765 சிசி இன்ஜின், அதன் ஆர்எஸ் வடிவத்தில், 120ஐத் தாண்டுகிறது. இரண்டுமே மிடில்வெயிட்தான்.

இந்த வகை வண்டியிடம் நாம் கேட்பது ஒன்றா இரண்டா? காலையில் நெரிசலில் ஊர்ந்து போகவேண்டும். வார இறுதியில் மலைப்பாதையில் சிட்டாகப் பறக்கவேண்டும். நீண்ட விடுமுறையில் பின்னால் ஒருவரையும் இரண்டு பெட்டிகளையும் ஏற்றிக்கொண்டு நானூறு கிலோமீட்டர் போகவேண்டும். நடுவில் ரோடு காணாமல் போனால் மண்ணிலும் இறங்கவேண்டும். கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை. பல வேலைக்கு ஆகிற வண்டி என்று விளம்பரத்தில் எழுதுவது சுலபம். வரைபடத்தில் கொண்டுவர வேண்டியவர், ஒவ்வொரு ஆசைக்கும் இன்னொன்றிலிருந்து கொஞ்சம் பிய்த்துக் கொடுத்தாக வேண்டும்.

இழுவை வேறு, வேகம் வேறு

ஷோரூமில் நிற்கிறவர்கள் முதலில் கேட்பது குதிரைத் திறன். வாங்கி ஓட்டுகிறவர்கள் ஒரு மாதம் கழித்துப் பேசுவது 'பிக்கப்' பற்றி. பிக்கப் என்று நாம் சொல்வதன் பின்னால் இருப்பது பெரும்பாலும் டார்க், அதாவது முறுக்கு விசை.

ஸ்பேனரை வைத்து நட்டைத் திருகும்போது அதை எவ்வளவு பலமாக முறுக்குகிறீர்கள் என்பது டார்க். அந்த முறுக்கோடு எவ்வளவு வேகமாகத் திருகுகிறீர்கள் என்பதையும் சேர்த்துப் பார்த்தால் அது திறன். கணக்கு ரொம்பச் சுலபம்: நியூட்டன் மீட்டரில் உள்ள டார்க்கை ஆர்பிஎம்மால் (இன்ஜின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று சுற்றுகிறது என்ற எண்ணால்) பெருக்கி 9549ஆல் வகுத்தால் கிலோவாட்டில் திறன் கிடைக்கும்.

எம்டி-07இன் 2021ஆம் ஆண்டு எண்களைப் போட்டுப் பார்ப்போம். 6500 ஆர்பிஎம்மில் 67 நியூட்டன் மீட்டர். கணக்குப் போட்டால் சுமார் 46 கிலோவாட், அதாவது 62 குதிரைத் திறன். உச்சத் திறனான 54 கிலோவாட்டை, அந்த 73 குதிரைகளை, எட்ட 8750 வரை முறுக்க வேண்டும். அங்கே டார்க் 59க்கு இறங்கிவிடுகிறது. கடைசி பதினொரு குதிரைகளைப் பிடிக்க இன்ஜினை இன்னும் 2250 சுற்று கதறவிட வேண்டியிருக்கிறது என்று அர்த்தம். தினசரி ஓட்டத்தில் யார் அங்கே போகிறார்கள்? நம்முடைய ஓட்டமெல்லாம் 3000க்கும் 6000க்கும் நடுவில்தான். மலையேற்றத்தில் முன்னால் ஒரு லாரி, பின்சீட்டில் ஆள், சாமான். அந்த இடத்தில் இரண்டு கியர் இறக்காமல் த்ராட்டிலைத் திருகினாலே வண்டி நகர்ந்தால் அது நல்ல மிடில்வெயிட் இன்ஜின். உச்ச எண்ணைவிட அந்த நடுப்பகுதி எப்படி நிறைந்திருக்கிறது என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

இந்தக் குணம் எங்கிருந்து வருகிறது என்பதைப் பிஸ்டனிடம் கேட்கலாம். சிலிண்டரின் விட்டம் போர். பிஸ்டன் மேலும் கீழும் போகிற தூரம் ஸ்ட்ரோக். விட்டம் அகலமாக இருந்தால் பெரிய வால்வுகள் வைக்கலாம், அதிக ஆர்பிஎம்மில் இன்ஜின் தாராளமாக மூச்சுவிடும். ஸ்ட்ரோக் நீளமாக இருந்தால் ஒவ்வொரு சுற்றுக்கும் பிஸ்டன் அதிக தூரம் ஓடவேண்டும், அதனால் வெகுவேகமாகச் சுழலமுடியாது. கவாசாகியின் 636 சிசி ஸ்போர்ட்ஸ் பைக்கில், நான்கு சிலிண்டர், போர் 67, ஸ்ட்ரோக் வெறும் 45.1 மி.மீ. அதன் திறன் முழுக்க 13,000 ஆர்பிஎம் பக்கம் ஒளிந்திருக்கும். எம்டி-07இல் 80க்கு 68.6. இதற்கு நேர் எதிர்முனையில் 2012இல் வந்த ஹோண்டா என்சி700: போர் 73, ஸ்ட்ரோக் 80. பைக் உலகத்தில் இது அபூர்வமான அளவு, கார் இன்ஜின் மாதிரி. அதை முறுக்கினால் சட்டென்று உச்சம் வந்துவிடும், "அவ்வளவுதானா?" என்று கேட்கத் தோன்றும். முறுக்காமல் ஓட்டினால் அதன் சாமர்த்தியம் தெரியும்.

அந்த 270 டிகிரி

இந்த வகுப்பில் இன்று அதிகம் பார்க்கக்கூடியது, இரண்டு சிலிண்டர்கள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும் பேரலல் ட்வின். இதில் இரண்டு பிஸ்டன்களும் எந்த இடைவெளியில் ஏறி இறங்கவேண்டும் என்பது, பிஸ்டன்களின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக மாற்றும் கிராங்க் தண்டை வடிவமைப்பவர் கையில் இருக்கிறது.

பழைய பிரிட்டிஷ் இன்ஜின்களில் இரண்டு பிஸ்டனும் ஒன்றாக ஏறும், ஒன்றாக இறங்கும். அது 360 டிகிரி. சிலிண்டர்களுக்குள் பெட்ரோல் எரிகிற வெடிப்புகள் சீரான இடைவெளியில் வரும். ஆனால் இரண்டு எடைகள் ஒரே நேரத்தில் மேலே போய் ஒரே நேரத்தில் கீழே வந்தால் வண்டி உதறும். ஒன்று ஏறும்போது மற்றது இறங்குவது 180 டிகிரி. கவாசாகி வெர்சிஸ் 650 இந்த ரகம். சுறுசுறுப்பாகச் சுழலும், ஆனால் இன்ஜின் பக்கவாட்டில் ஊஞ்சலாடப் பார்க்கும்.

270 டிகிரி மூன்றாவது வழி. பிஸ்டன் எப்போதும் ஒரே வேகத்தில் ஓடுவதில்லை என்பதை நினைவில் வையுங்கள். உச்சியிலும் அடியிலும் ஒரு கணம் நின்று திரும்பும், நடுவழியில்தான் முழு வேகம். 180லும் 360லும் இரண்டு பிஸ்டன்களும் ஒரே கணத்தில் நிற்கும், ஒரே கணத்தில் பாயும். அப்போது கிராங்க் தண்டு ஒவ்வொரு சுற்றிலும் அவற்றை இழுத்து நிறுத்தி, மறுபடி தள்ளிவிட வேண்டியிருக்கிறது. அதனால் அதன் வேகம் நுணுக்கமாக ஏறி இறங்கும். 270இல் ஒரு பிஸ்டன் உச்சியில் நிற்கும்போது மற்றது ஏறக்குறைய முழு வேகத்தில் இருக்கும். ஒன்று விடுகிற ஆற்றலை மற்றது வாங்கிக்கொள்ளும். கிராங்க் சீராகச் சுழலும். த்ராட்டிலைத் திருகினால் வெடிப்பின் விசை மட்டும் கலப்படமில்லாமல் பின்சக்கரத்துக்குப் போய்ச் சேருகிறது என்ற உணர்வு வரும். மிச்ச அதிர்வை, எதிர் எடையோடு சுழலும் ஒரு பேலன்சர் தண்டு பார்த்துக்கொள்ளும்.

வெடிப்புகளின் இடைவெளி 270, அடுத்தது 450 டிகிரி. அதனால்தான் அந்த நொண்டியடிக்கிற சத்தம்: டுடுக்... டுடுக்... டுடுக். சுசுகி எஸ்வி650 மாதிரி, இரண்டு சிலிண்டர்கள் 'வி' எழுத்துபோல விரிந்து நிற்கும் 90 டிகிரி வி-ட்வின் இன்ஜினிலும் இதே இடைவெளிதான், இதே தாளம்தான். ஆனால் வி வடிவத்துக்கு சிலிண்டரை மேலே மூடும் ஹெட் இரண்டு தனித்தனியாக வேண்டும், முன்னும் பின்னும் இடம் அடைக்கும், செலவும் கூடும். பேரலல் ட்வின்னில் ஒரே ஹெட், குட்டையான இன்ஜின், சுற்றிலும் இடம் தாராளம். சத்தமும் குணமும் வி-ட்வின் மாதிரி, செலவும் இடமும் பேரலல் ட்வின் மாதிரி! 1995இல் யமஹா டிஆர்எக்ஸ்850 இதைச் செய்துகாட்டியது. இன்று ஹோண்டா எக்ஸ்எல்750 டிரான்சால்ப், பிஎம்டபிள்யூ எஃப்900ஜிஎஸ், சுசுகி வி-ஸ்ட்ராம் 800, ராயல் என்ஃபீல்ட் 650 என்று கிட்டத்தட்ட எல்லோரும் அங்கேதான் வந்து நிற்கிறார்கள்.

இதில் எனக்குப் பிடித்த வேடிக்கை ட்ரையம்ஃப் டைகர் 900. மூன்று சிலிண்டர் இன்ஜினின் பெருமையே வழவழப்புதான். வெடிப்புகள் அச்சுப் பிசகாமல் 240 டிகிரிக்கு ஒருமுறை வரும். 2020இல் அதைக் கலைத்து 180, 270, 270 என்று வேண்டுமென்றே ஏற்றத்தாழ்வாக மாற்றினார்கள். சீரான இன்ஜினைக் கஷ்டப்பட்டு நொண்டவைத்தது எதற்கு? மண் ரோட்டில் மெதுவாக ஊரும்போது பின்சக்கரம் என்ன செய்கிறது என்று ஓட்டுபவருக்குத் தெரியவேண்டும் என்பதற்கு. வழவழப்பு கூடினால் அந்தத் தகவல் குறைந்துபோகிறது.

திறனுக்கு மேல்வரம்பு போடுவதில் சட்டமும் தலையிடுகிறது. ஐரோப்பாவில் ஏ2 என்ற இடைநிலை உரிமத்துக்கு 35 கிலோவாட்தான் எல்லை. பெரிய வண்டியின் திறனைக் குறைத்து அந்த உரிமத்தில் ஓட்டலாம், ஆனால் மூல வண்டி 70 கிலோவாட்டைத் தாண்டக் கூடாது. எக்ஸ்எல்750 ஏன் 67.5 கிலோவாட்டில் நிற்கிறது என்று யோசித்தால், இந்த விதியும் கண்ணில் படும்.

சங்கிலியிலிருந்து சக்கரம் வரை

மறுபடி நம் இரட்டையர்களுக்கு வருவோம். அதே இன்ஜின், ஆனால் எம்டி-07இல் சங்கிலி ஓடுகிற பல்சக்கரங்களில் (ஸ்ப்ராக்கெட்) முன்னால் 16 பல், பின்னால் 43. டெனெரேயில் 15க்கு 46. வகுத்துப் பார்த்தால் 2.69, 3.07. டெனெரேயின் சங்கிலி 14 சதவீதம் கூடுதலாக இழுக்கிறது. ஆனால் டெனெரேயின் பின்சக்கரம் டயரோடு சேர்த்து விட்டத்தில் சுமார் 6 சதவீதம் பெரியது, அது கொஞ்சத்தைத் தின்றுவிடும். தரையில் மிஞ்சுவது ஏறக்குறைய 8 சதவீதம். இரண்டு பல்சக்கரத்தை மாற்றினாலே ஒரே இன்ஜினுக்கு இன்னொரு சுபாவம் வந்துவிடுகிறது.

இனி கோணங்கள். ஆபீஸ் நாற்காலியின் அடிச்சக்கரத்தைக் கவனித்திருப்பீர்கள். நாற்காலியை எந்தப் பக்கம் தள்ளினாலும் சக்கரம் சுழன்று பின்னால் வந்து தானாக நேராகிவிடும். காரணம், சக்கரம் தரையைத் தொடும் இடம் அது திரும்புகிற அச்சுக்குப் பின்னால் இருப்பது. பைக்கின் முன்சக்கரமும் இதே வேலையைச் செய்கிறது. ஹேண்டில்பார் திரும்புகிற அச்சு வழியாக மனதில் ஒரு கோட்டை நீட்டுங்கள். அது டயர் தரையில் பதிகிற இடத்துக்குக் கொஞ்சம் முன்னால் தரையைத் தொடும். அந்தப் புள்ளிக்கும் டயர் தரையில் பதிகிற இடத்துக்கும் உள்ள தூரம் டிரெயில். அந்த அச்சு செங்குத்திலிருந்து எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்பது ரேக்.

எம்டி-07: ரேக் 25 டிகிரிக்குக் கொஞ்சம் குறைவு, டிரெயில் 90 மி.மீ., இரண்டு சக்கரங்களுக்கும் இடையே 1400 மி.மீ. டெனெரே: 27 டிகிரி, 105 மி.மீ., ஏறக்குறைய 1590 மி.மீ. இரண்டே டிகிரி, பதினைந்தே மில்லிமீட்டர்! முதல் வண்டியில் வளைவைப் பார்த்தாலே போதும், சாய்ந்துவிடும். அதையே சரளைக்கல்லில் இறக்கினால் ஒவ்வொரு கல்லுக்கும் ஹேண்டில் பதில் சொல்லும், ஓட்டுபவர் தோள் இறுகிவிடும். இரண்டாவது வண்டி கல்லைக் கண்டுகொள்ளாது, நேராகப் போகும். ஆனால் நெரிசலில் யூ-டர்ன் அடிக்க அதற்கு ரோடு இன்னும் கொஞ்சம் அகலமாக வேண்டும்.

சக்கர அளவும் இதே பேரம்தான். 17 அங்குல முன்சக்கரம் லேசானது, சட்டென்று திரும்பும். 21 அங்குலச் சக்கரம் பள்ளத்திலும் கல்லிலும் விழாமல் உருண்டு ஏறிவிடும், ஆனால் பக்கம் மாறச் சோம்பும். வி-ஸ்ட்ராம் 650 நடுவில் 19ஐ எடுத்துக்கொண்டது. வெர்சிஸ் 650 இன்னொரு விதமான முடிவு. பார்க்க உயரமான சாகச வண்டி மாதிரி இருந்தாலும் சக்கரம் இரண்டும் 17, முன் சஸ்பென்ஷன் அசைவு 150 மி.மீ. கெட்டுப்போன தார் ரோடுவரை வருவேன், அதற்குமேல் என்னைக் கூப்பிடாதே என்று வெளிப்படையாகச் சொல்கிற வண்டி. அந்த நேர்மை எனக்குப் பிடிக்கும்.

உயரத்துக்கு என்ன விலை?

டெனெரேயின் சஸ்பென்ஷன் முன்னால் 210, பின்னால் 200 மி.மீ. அசையும். எம்டி-07இல் 130. அந்த அசைவுக்கு இடம் விடவேண்டுமானால் வண்டி உயர்ந்துதான் ஆகவேண்டும். தரை இடைவெளி 140லிருந்து 240 ஆகிறது. சீட் 805லிருந்து 875 ஆகிறது. எடையும் சுமார் 184 கிலோவிலிருந்து 204 கிலோவுக்குப் போகிறது.

ஏழு சென்டிமீட்டர்தானே என்று நானும் நினைத்தேன். முதல்முறை இந்த மாதிரி உயரமான வண்டியை ஓட்டிய நாளில், ரோட்டோரம் நிறுத்த இடதுகாலை ஊன்றினேன். அந்தப் பக்கம் தரை மூன்று விரல்கடை சரிந்திருந்தது. கால் நுனி தரையைத் தேடிக்கொண்டிருக்கும்போதே வண்டி சாய ஆரம்பித்தது. ஒரு கோணம் வரைக்கும் பிடிக்க முடிகிறது. அதைத் தாண்டினால் இருநூறு கிலோவோடு யாரும் வாதாட முடியாது. எருமை படுப்பதுபோல அவசரமே இல்லாமல் படுத்தது. கிளட்ச் லீவர் வளைந்ததோடு போயிற்று. டேங்க் நிறைய பெட்ரோல் இருந்தது. 16 லிட்டர் என்றால் கிட்டத்தட்ட 12 கிலோ, அதுவும் வண்டியின் உச்சியில். அதே எடை கீழே இருந்திருந்தால் ஒருவேளை தப்பியிருப்பேன்.

என்சி700எக்ஸ் இந்த இடத்தில்தான் கெட்டிக்காரத்தனம் காட்டுகிறது. அதன் சிலிண்டர்கள் 62 டிகிரி முன்னால் சாய்ந்து கிட்டத்தட்டப் படுத்திருக்கும். பெட்ரோல் டேங்க் சீட்டுக்கு அடியில். வழக்கமாக டேங்க் இருக்கிற இடத்தைத் திறந்தால் உள்ளே ஹெல்மெட் வைக்கும் அறை! எடை முழுக்கத் தாழ்ந்திருப்பதால் ஊர்ந்து போகும்போது வண்டி இலேசாகத் தெரியும். ஒன்று மட்டும்: பின்சீட்டில் பெட்டியைக் கட்டியிருந்தால் பெட்ரோல் போட அதை அவிழ்க்க வேண்டும்.

காற்றைப் பற்றி ஒரு வார்த்தை. சமதரையில் மணிக்கு 100 கி.மீ. வேகத்தை அப்படியே காப்பாற்ற இந்த மாதிரி வண்டிக்கு ஏறத்தாழ 12 குதிரைத் திறன் போதும். மிச்சமெல்லாம் முந்துவதற்கும் ஏற்றத்துக்கும்தான். ஆனால் காற்றை எதிர்க்கத் தேவைப்படும் திறன் வேகத்தின் மும்மடிப்படி ஏறும். வேகம் இரட்டிப்பானால் எட்டு மடங்கு. நிமிர்ந்த இருக்கை முதுகுக்கு நல்லது, இடுப்புக்கு நல்லது, நெஞ்சில் காற்றை வாங்கித் தருவதும் அதுதான்.

ஏபிஎஸ், டிராக்ஷன் கன்ட்ரோல், ரைடிங் மோடு எல்லாம் இன்று பட்டியலில் நீளமாக வரும். புதிதாக ஓட்டுகிறவர் ஏபிஎஸ்ஸை, அதாவது பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுப்பதை, கட்டாயம் பாருங்கள். மண்ணில் ஓட்டும் எண்ணம் இருந்தால் அதைத் தற்காலிகமாக அணைக்க முடிகிறதா என்று கேளுங்கள், தளர்ந்த மண்ணில் பூட்டிய சக்கரம் சிலசமயம் சீக்கிரம் நிறுத்தும். மற்றவை கடையில் கேட்கச் சுவையாக இருக்கும்.

டேப்பை எடுங்கள்

இத்தனை கோணமும் அளவும் தொழிற்சாலையில் ஏதோ ஓர் உத்தேச எடையை வைத்து முடிவானவை. அந்த எடை உங்களுடையதாக இருக்கவேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. நீங்கள் உட்கார்ந்ததும் சஸ்பென்ஷன் எவ்வளவு இறங்குகிறது என்பதற்குப் பெயர் சேக். அதை அளந்து சரிசெய்ய ஒரு டேப், உதவிக்கு ஒருவர் போதும்.

பின்சக்கரம் தரையைத் தொடாதபடி வண்டியைத் தூக்கி நிறுத்துங்கள். சக்கரத்தின் அச்சிலிருந்து நேர் மேலே சீட்டுக்கு அடியில் ஓர் இடத்தைக் குறித்துத் தூரத்தை அளந்துகொள்ளுங்கள். பிறகு வண்டியை இறக்கி, வழக்கமாக அணியும் ஜாக்கெட், ஹெல்மெட்டோடு உட்கார்ந்து, ஒருவர் பிடித்துக்கொள்ள, அதே தூரத்தை மறுபடி அளக்கச் சொல்லுங்கள். வித்தியாசம் மொத்த அசைவில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இருக்கவேண்டும். 200 மி.மீ. அசைவென்றால் 65 பக்கம். 90 வந்தால் ஸ்பிரிங்கின் ப்ரீலோடை, அதாவது ஆரம்ப இறுக்கத்தை, கூட்டவேண்டும், 40 வந்தால் தளர்த்தவேண்டும். பல வண்டிகளில் இதற்கென்று ஒரு சி-ஸ்பேனரை சீட்டுக்கு அடியிலேயே வைத்திருப்பார்கள். இன்னும் சிலவற்றில் கையால் திருகுகிற குமிழே உண்டு.

பின்னால் ஆளும் பெட்டியும் ஏறும்போது இதை மறந்துவிட்டால் என்ன ஆகும்? வால் தாழ்கிறது, மூக்கு நிமிர்கிறது. ரேக் கூடுகிறது, டிரெயிலும் கூடுகிறது. துடிப்பாகத் திரும்பிய வண்டி சோம்பேறியாகிவிடும், முன்சக்கரம் மிதக்கிற மாதிரி இருக்கும். பலர் டயரைச் சந்தேகப்படுவார்கள், பேரிங்கைக் கழற்றிப் பார்ப்பார்கள். இரவில் ஓட்டும்போது விஷயம் தானாக வெளிவந்துவிடும்: லோ பீமில்தான் போய்க்கொண்டிருப்பீர்கள், எதிரே வருகிற ஒவ்வொருவரும் கோபமாக லைட்டை அடித்துக் காட்டுவார்கள். வண்டியை ஓரங்கட்டி முன்னால் போய்ப் பாருங்கள். உங்கள் ஹெட்லைட் மரக்கிளையைக் காட்டிக்கொண்டிருக்கும்.